தொண்ணூறு நாள் தவணை

(மூன்றாம் ஆண்டு வரலாறு மாணவன்)

எங்கள் ஊர் கொடும்பாளூர். அங்குள்ள மூவர் கோயிலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் மன்னன், தன் பெயரிலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரிலும் மூன்று விமானங்களை எழுப்பினான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. இன்று அவற்றுள் இரண்டே எஞ்சி நிற்கின்றன. கணவன் மனைவியர் பெயரைக் கல் சொல்லும் இந்த ஊரிலிருந்து அமெரிக்கா சென்ற என் அக்கா, தன் திருமணம் மெய்யானது என்பதைக் காகிதங்களால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதுவும் குறித்த நாளுக்குள். அந்த நாளை நாங்கள் தவறவிட இருந்தோம். நம் கல்லூரி நண்பர்கள் வீட்டிலும் கடல் கடந்து வாழ்க்கைப்படுவோர் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

நிபந்தனை என்ன?

அமெரிக்கக் குடிமகனை மணந்து அங்கே குடியேறும் பெண்ணுக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைக்கிறது. அதற்கான அட்டையைத்தான் நாம் 'கிரீன் கார்டு' என்கிறோம். ஆனால் அவ்வுரிமை கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திராவிட்டால், அது நிபந்தனைக்கு உட்பட்டதாகும். அட்டையும் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். குடியேறுவதற்காகச் செய்யப்படும் பொய்த் திருமணங்களைத் தடுக்க 1986ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின் ஏற்பாடு இது.

இரண்டாண்டு அட்டையைச் சாதாரணமாகப் புதுப்பிக்க முடியாது. நிபந்தனையை நீக்கக் கோரிக் கணவனும் மனைவியும் கூட்டாக 'ஐ-751' என்னும் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உரிமை கிடைத்து இரண்டு ஆண்டுகள் முடியும் நாளுக்கு முந்தைய 90 நாட்களே அதற்குரிய காலம். முன்னதாக அனுப்பினால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். தவறவிட்டால் வசிப்புரிமை தானாகவே முடிந்து, நாட்டை விட்டு வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கக்கூடும். தாமதத்திற்குத் தக்க காரணத்தை எழுத்து மூலம் விளக்கினால் ஏற்கப்படலாம். ஆயினும் அது உறுதியன்று. நினைவூட்டுக் கடிதம் வரவில்லை என்பதும் சட்டத்தின் முன் சாக்காகாது.

எங்கள் வீட்டில் நடந்தது

அக்காவுக்கு 2022 தை மாதத்தில் திருமணம். 2025 ஆடி பிறந்த வாரம் அவள் தொலைபேசியில், "தம்பி, கல்யாணப் பத்திரிகையும் போட்டோக்களும் அனுப்பி வை. அவசரமில்லை, அக்டோபர் வரை நாள் இருக்கு" என்றாள். அப்பாவும் தினசரி நாட்காட்டியில் அக்டோபர் 8 என்று குறித்து வைத்திருந்தார்.

பீரோவில் பத்திரிகையைத் தேடியபோது அக்காவின் அட்டை நகல் கையில் அகப்பட்டது. வசிப்புரிமை தொடங்கிய நாள் 08/10/23 என்றும், முடியும் நாள் 08/10/25 என்றும் அதில் இருந்தன. எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரமல்லவா அவளைத் திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்பினோம்? அவள் அங்கே போய் இறங்கியது ஆகஸ்டு 10. அப்படியானால் அக்டோபர் 8 எப்படி வரும்? அப்போதுதான் புரிந்தது: அமெரிக்காவில் மாதத்தை முன்னும் தேதியைப் பின்னும் எழுதுவார்கள்! விண்ணப்பக் காலம் மே 12 அன்றே தொடங்கிவிட்டது. மீதமிருந்தவை மூன்று வாரங்களே.

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. அக்காவும் அத்தானும் இரவு பகலாகச் சான்றுகளைத் திரட்டினார்கள். கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வருமான வரிக் கணக்கு, காப்பீடு, இருவரையும் அறிந்தவர்களின் உறுதிமொழிகள் ஆகியவை அவை. குழந்தை இருந்தால் அதன் பிறப்புச் சான்றும் பயன்படும். ஆகஸ்டு முதல் வாரத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பிறகு வந்த ரசீது, பழைய அட்டையின் செல்லுபடிக் காலத்தை 48 மாதங்கள் நீட்டித்தது. 2023ஆம் ஆண்டு முதல் இந்த நீட்டிப்பு வழங்கப்படுகிறது. முடிவு வரும்வரை அட்டையோடு அந்த ரசீதையும் சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

கணவர் கையெழுத்திட மறுத்தால்?

நம் சகோதரியர் முக்கியமாக அறிய வேண்டியது இது. "நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குத்தான் போகணும்" என்று மிரட்டும் கணவர் இருக்கக்கூடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நல்லெண்ணத்துடன் மணந்து பின் விவாகரத்துப் பெற்றவரும், கணவரால் அடித்துத் துன்புறுத்தப்பட்டவரும், கணவரை இழந்தவரும் தனியாகவே விண்ணப்பிக்கலாம். நாடு திரும்பினால் மிகக் கடுமையான இன்னல் நேரும் என்று காட்டுபவருக்கும் இவ்வழி உண்டு. இவர்களுக்கு அந்த 90 நாள் கட்டுப்பாடு இல்லை. எனினும் வெளியேற்றும் ஆணை முடிவாகும் முன்னர் விண்ணப்பித்துவிட வேண்டும். இத்தகைய நிலையில் வழக்கறிஞரை நாடுவது நலம்.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெண் அமெரிக்காவில் இறங்கிய நாளை அவளிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். மாதம் முன்னா, தேதி முன்னா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுகளைக் கூட்டி, 90 நாட்களைக் கழித்து, அந்த நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கணக்கு மிகச் சிறியதுதான். அதில் பிசகியதால் எங்கள் வீடு மூன்று வாரம் தூங்கவில்லை.