"யாரால்?" என்று கேளுங்கள்!

கும்பகோணத்திலிருந்து என் அக்கா, மறைந்த எங்கள் அம்மாவின் கல்யாணப் புடவையைக் கூரியரில் அனுப்பியிருந்தாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் செல்போனில் செய்தி வந்தது: 'யுவர் பார்சல் ஹாஸ் பீன் டெலிவர்ட்.' ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. பதறிப்போய் போன் செய்தால், "டெலிவரி செய்யப்பட்டிருக்கு மேடம்" என்று அதையே தமிழில் சொன்னார்கள்!

அன்று சாயங்காலம், ஒன்பதாவது படிக்கும் என் பெண் 'பாஸிவ் வாய்ஸ்' பாடத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். நான் பத்தாவது வரைதான் படித்தவள். நம் செயப்பாட்டு வினைதான் அது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. இருவருமாக உட்கார்ந்தோம்.

'அம்மா மேட் காபி' என்பதைத் திருப்பினால் 'காபி வாஸ் மேட் பை அம்மா'. செயப்படுபொருளான காபி முன்னால் வந்துவிடும். காலத்துக்குத் தகுந்தபடி இஸ், வாஸ், ஹாஸ் பீன் என்று ஒன்று சேரும். வினைச்சொல் மூன்றாவது வடிவத்துக்கு மாறும். செய்தவர் கடைசிக்குப் போய்விடுவார். 'வந்தாள்', 'தூங்கினாள்' என்பவற்றுக்குச் செயப்படுபொருள் கிடையாது. அதனால் அவற்றைத் திருப்ப முடியாது. 'பிறந்தேன்' என்பதில் மட்டும் ஜாக்கிரதை! இங்கிலீஷில் 'ஐ வாஸ் பார்ன்' என்றுதான் சொல்ல வேண்டும். நான் இத்தனை நாளும் 'ஐ பார்ன்' என்றே சொல்லி வந்திருக்கிறேன்!

"அம்மா, கடைசியில வர்ற 'பை அம்மா'வை விட்டுட்டாலும் தப்பில்லையாம்" என்றாள் பெண். எனக்குச் சுருக்கென்றது. பார்சல் கொடுக்கப்பட்டது, சரி. யாரால்? யாரிடம்? அதைத்தானே அந்தச் செய்தி சொல்லவில்லை! உடனே செய்வினையிலேயே ஒரு புகார் எழுதி அனுப்பினோம்: 'ஹூ டெலிவர்ட் மை பார்சல்? ஹூ சைன்ட் ஃபார் இட்?' மறுநாளே பதில் வந்தது. பக்கத்துத் தெருவில் எங்கள் கதவு எண்ணே கொண்ட வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். புடவை பத்திரமாக வந்து சேர்ந்தது.

செயப்பாட்டு வினையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பர்ஸ் திருட்டுப் போனால் 'மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்' என்பதுதான் சரி. திருடன் யாரென்று நமக்குத் தெரியாதே!

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனாரிடம் இதைச் சொன்னேன். "தொல்காப்பியத்திலேயே இருக்கும்மா! செயப்படுபொருளே அந்த வேலையைச் செஞ்ச மாதிரி சொல்றதும் வழக்கம்தான்னு. அதுக்குச் சேனாவரையர் உரையில என்ன உதாரணம் தெரியுமா? திண்ணையே மெழுகினதா சொல்றதுதான்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திண்ணை தானாகவா மெழுகிக்கொள்ளும்? இன்றைக்கும் நாம் 'சமையல் ஆச்சு', 'துணி துவைச்சாச்சு' என்றுதானே சொல்கிறோம்? செய்தவள் எங்கே போனாள்?

இப்போதெல்லாம் நான், "சமைச்சுட்டேன், சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுகிறேன். முந்தாநாள் என் கணவர், "ரசம் நல்லா இருக்கு" என்று வழக்கம்போல் சொல்லாமல், "நீ வெச்ச ரசம் நல்லா இருக்கு" என்றார்.

நீங்களும் சொல்லிப் பாருங்களேன்!

- ஓர் இல்லத்தரசி, அபிராமபுரம், சென்னை-18.