கோடை விடுமுறையும் குழந்தைகளின் வாசிப்பும்

தமிழில் எழுத்துகள் 247. இரண்டாம் வகுப்புக்குள் இவற்றை முயன்று கற்ற குழந்தை, கோடை விடுமுறை கழிந்து திரும்புகையில் ணகர னகரங்களில் தடுமாறுவதை ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர். கண்ணும் நாவும் எழுத்தில் பழகுதல் அன்றாடப் பயிற்சியால் அமைவது. இடைவெளி நீண்டால் தளர்ந்துவிடும்.

இதற்குரிய வழி நம் மஹல்லாக்களிலேயே உண்டு. மக்தப் மதரஸாவில் உஸ்தாத் புதுப்பாடம் கொடுக்குமுன் பழைய பாடத்தை ஓதிக்காட்டச் சொல்வார். நாள்தோறும் சிறிதளவு, உரத்த குரலில், கேட்பவர் ஒருவர் முன்னிலையில்! இம்முறையைத் தமிழ் வாசிப்புக்கும் கொள்ளலாகாதா? வாப்பாவோ உம்மம்மாவோ கால்மணி நேரம் அருகிருந்து கேட்கலாம். அவர் எழுத்தறிந்தவராக இருத்தல் வேண்டும் என்பதுகூட இல்லை, “பிறகு என்ன நடந்தது?” என்று வினவினால் குழந்தை பொருளுணர்ந்து படிக்கும். அரபுத்தமிழில் அச்சான மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் ஒருவர் வாசிக்க ஏனையோர் கூடிக் கேட்ட மரபு நம் இல்லத்துப் பெண்டிருடையதன்றோ?

அடுத்த ஆண்டுப் பாடத்தை மே மாதத்திலேயே திணிக்கும் தனிப்பயிற்சியில் எனக்கு உடன்பாடில்லை. கதை போதும், அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் ஓசையால் ஈர்ப்பவை, தொடக்கத்திற்கு ஏற்றவை.

நூல்களுக்கு எங்கே போவது? சென்னையில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குழந்தைகள் பிரிவுடன் எழுந்தன. சிற்றூர்க் குழந்தைக்கு அவை எட்டா. ஜமாஅத்தார் மதரஸாக் கூடத்தில் ஓர் அலமாரி வைத்து ஐம்பது கதைநூல்களை அடுக்கினால் ஒரு கோடைக்குப் போதும். சாவியை உயர்வகுப்பு மாணவி ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம்.