போன வருட ரசீதை இந்த வருடக் கணக்கில் போடாதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனியிலும் தோல் தொழிற்சாலையிலும் சம்பளம் வாங்குகிறவர்கள் ஆடிட்டரிடம் நீட்டும் காகிதக் கட்டில் பழைய நன்கொடை ரசீது ஒன்று தவறாமல் இருக்கும். பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுத்தது, போன வருடம் காட்ட மறந்தது. "இந்த வருஷத்துல சேர்த்துடுங்க சார்" என்பார்கள்.

சேர்க்க முடியாது. பணம் எந்த நிதியாண்டில் போனதோ, கழிவும் அந்த ஆண்டுக்குத்தான். உதாரணமாக, 2024 ரமலான் மார்ச்சில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. மார்ச் 30 ரசீதும் ஏப்ரல் 2 ரசீதும் ஒரே நோன்பில் கொடுத்தவைதான். வரிக்கு அவை வேறு வேறு ஆண்டு.

விட்டுப்போன கழிவைக் கேட்டு அலைவதற்கு முன், கழிவு உண்டா என்று பாருங்கள். நிறுவனத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு அங்கீகாரம் வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. அரிசி, துணி செல்லாது. ஏழை வீட்டில் நேரில் கொடுத்த ஜகாத் புண்ணியக் கணக்கில் சேரும், வரிக்கணக்கில் சேராது. புதிய வரிமுறையில் ரிட்டர்ன் போட்டிருந்தால் 80ஜி கழிவே இல்லை. 2023-24 முதல் நாம் வாய் திறக்காவிட்டால் நமக்கு விழுவது அந்தப் புதிய வரிமுறைதான். இதைக் கவனிக்காதவர்களே அதிகம்.

வெறும் ரசீது போதாது. நன்கொடை வாங்கிய நிறுவனம் மே 31க்குள் 10பிடி படிவம் தாக்கல் செய்து, உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். அதில் உங்கள் பான் எண் சரியாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தவறு இருந்தால் அவர்கள்தான் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள்.

2023-24 நன்கொடைக்குத் திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு 2025 ஜனவரி 15உடன் போயிற்று. அதன் பிறகு பலரும் போய் முட்டுகிற கதவுகள் இரண்டு. ஒன்று ஐடிஆர்-யு என்கிற புதுப்பித்த ரிட்டர்ன்: வரியைக் குறைக்கவோ ரீஃபண்ட் கேட்கவோ அதைப் பயன்படுத்தவே முடியாது. இன்னொன்று 154ஆம் பிரிவின் பிழைதிருத்த மனு: நீங்கள் கேட்காமலே விட்ட கழிவு துறையின் பதிவேட்டுப் பிழை ஆகாது. திருத்திய ரிட்டர்ன் இல்லாமல் புதுக் கழிவை மதிப்பீட்டு அதிகாரி ஏற்க முடியாதென்று கோயட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது.

போக வேண்டிய வழி 119(2)(பி) பிரிவில் தாமத மன்னிப்பு மனு. 2024 அக்டோபர் 1 தேதியிட்ட 11/2024 சுற்றறிக்கைப்படி, ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையரோ ஆணையரோ தீர்க்கலாம். நிதியாண்டை அடுத்து வரும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு வரை அவகாசம். 2023-24 நன்கொடைக்கு 2030 மார்ச் 31. உங்கள் வட்டாரம் யாருக்குக் கீழ் என்பதை வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வேலூர் வருமான வரி அலுவலகக் கவுன்ட்டரில் வரிசையில் நின்று கேட்க வேண்டாம். மனுவோடு 10பிஇ, ரசீது, பணம் போனதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம், முன்பு போட்ட ரிட்டர்ன், கழிவோடு போட்ட புதுக் கணக்கு எல்லாம் இருக்கட்டும். காரணத்தை "மறந்துவிட்டேன்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். சான்றிதழ் தாமதமாக வந்திருந்தால் வந்த தேதியோடு எழுதுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. அந்த "இயன்றவரை"யில் கோப்பு தூங்கிவிடும், நினைவூட்டல் கடிதம் போடுங்கள். தாமதமாக வரும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது.

2026 ஏப்ரலில் புது வருமான வரிச் சட்டம் வந்தாயிற்று என்று யாராவது திருப்பி அனுப்பினால், பழைய ஆண்டுகளுக்கு 1961 சட்டமே என்று பதில் சொல்லுங்கள்.

"ரசீது இல்லையா, நான் தர்றேன்" என்கிற ஏஜென்ட்டை மட்டும் அண்டவே விடாதீர்கள். போலிக் கழிவு போட்டுக்கொடுத்த இடைத்தரகர்களை வருமான வரித் துறை 2025 ஜூலையில் சோதனையிட்டது. தமிழ்நாடும் அதில் இருந்தது. மாட்டுவது அவர் பான் அல்ல, உங்கள் பான்.

மன்னிப்பு உத்தரவு கைக்கு வந்ததும் பணம் வந்துவிடாது. 119(2)(பி) என்று குறித்துப் புது ரிட்டர்ன் போட்டு, 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க வேண்டும்.