கடல் கடந்த பிரெஞ்சும் நம்மவர் பெயர்களும்

நாயுடுபேட்டையில் நெடுநாளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் சென்ற கோடையில் நாம் விருந்தினராய்த் தங்கியிருந்தோம். அவ்வீட்டினுள் தமிழ், வாசற்படியைத் தாண்டினால் தெலுங்கு, பாடப் புத்தகத்திலோ ஆங்கிலம். நம் தமக்கையின் மகள் சென்னைக் கல்லூரி ஒன்றில் பிரெஞ்சு மொழியையும் பாடமாக எடுத்திருக்கிறாள். "மாமா, பாரிஸ்காரர்களின் கதையைப் படித்து நமக்கு ஆவதென்ன?" என்று அவள் வினவினாள். அவளுடைய தாயாருக்கு வேறொரு கவலை: உள்ள தமிழே பிள்ளைகள் நாவில் தேய்கையில் நான்காவது மொழி எதற்கு என்பது. இரண்டும் புறக்கணிக்கத் தக்க வினாக்கள் அல்ல.

பிரெஞ்சு விரிவுரையாளர் என்றால் மோலியேரையும் விக்டர் யூகோவையும் நடத்துபவர் என்றே பலரும் எண்ணுவர். அது அவர் பணியில் ஒரு பாதியே. பிரான்சுக்கு வெளியே பிரெஞ்சில் எழுந்த இலக்கியத்தைக் கற்பிப்பதும் ஆராய்வதும் மற்றொரு பாதி. மார்த்தினிக் தீவினரான எமே செசேர் 1939இல் தம் தாயகத்தைப் பற்றி நெடுங்கவிதை இயற்றினார். 1960 முதல் 1980 வரை செனகல் நாட்டின் தலைவராயிருந்த கவிஞர் செங்கோர், 1974இல் சென்னைக்கு வந்து, ஆப்பிரிக்க நாகரிகத்துக்கும் திராவிட நாகரிகத்துக்கும் உள்ள உறவைக் குறித்து உரையாற்றினார். ஆண்டவரின் மொழியைக் கொண்டே ஆளப்பட்டோர் தம் வாழ்வைக் கூறிய வகையே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை.

நம்மவர்க்கு இதில் தனியானதோர் உரிமையும் உண்டு. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினர். முதற் கப்பல் மார்த்தினிக்கை அடைந்தது 1853இல். குவாதலூப்பை அடைந்தது 1854இல். அங்கே மதுரைவீரன் 'மால்தெவிலன்' ஆனான். நம் குழம்பு 'கொலொம்போ' ஆயிற்று என்பர். பேச்சுத் தமிழ் மறைந்தது. சமையற்கட்டிலும் கோயிலிலும் சில சொற்கள் மட்டும் எஞ்சின. குவாதலூப் எழுத்தாளர் ஒருவர் எர்னெஸ்ட் மூத்துசாமி. முத்துசாமி என்பதே பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் இவ்வாறு திரிந்தது. 1987இல் வெளிவந்த அவருடைய 'ஓரோர்' என்னும் நாவல் அக்கூலிகளின் வழித்தோன்றல்களைப் பற்றியது.

நாயுடுபேட்டையார்க்கு இன்னும் அணுக்கமான ஒருவர், மொரீஷியஸில் 1973இல் பிறந்த நத்தாஷா அப்பனா. தெலுங்கு நாட்டிலிருந்து சென்ற ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர். அத்தகைய கூலிகளின் கடற்பயணத்தையும் தோட்டத்து வாழ்வையும் 2003இல் தம் முதல் நாவலாக்கினார். இத்தகைய நூலைப் படிக்கும் பாரிஸ் மாணவனுக்கு அடிக்குறிப்பு வேண்டும். சுவர்ணமுகிக் கரையில் வளர்ந்த பெண்ணுக்குச் சில சொற்களும் பெயர்களும் உடனே விளங்கும்.

மொழிபெயர்ப்பே நமக்குத் தொழிலாதலின் ஒன்று கூறுவோம். பிரெஞ்சில் 'நூ' என்னும் ஒரு சொல்லே 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் குறிக்கும். நூலாசிரியர் 'நூ' என்று எழுதுமிடத்தில், படிப்பவரும் அதில் சேர்த்தியா, அல்லரா? பிரெஞ்சுக்காரர் இதைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. தமிழில் ஆக்குவோர் ஒவ்வோர் இடத்திலும் தீர்மானித்தே ஆகவேண்டும். தெலுங்கில் ஆக்குவோரும் 'மனமா, மேமா' என்று அப்படியே தடுமாறுவர். அல்ஜீரியாவில் பிறந்த கமுய்யின் நாவல் 'அந்நியன்' என்ற பெயரில் வெ. ஸ்ரீராம் அவர்களால் தமிழாகி 1980இல் வெளிவந்தது. கடல் கடந்த கூலியரின் கதைகளுக்கும் அத்தகைய உழைப்பு வேண்டும். பிரெஞ்சோடு தமிழும் தெலுங்கும் அறிந்தவரே அதற்கு ஏற்றவர்.

இதைக் கேட்ட தமக்கை, "அப்படியாயின் இவள் தமிழை விடலாகாது" என்றார். மருமகளோ ஒரு தாளை எடுத்து, பாடநூலிலிருந்த வாக்கியம் ஒன்றைத் தமிழாக்கத் தொடங்கினாள். 'நாங்கள்' என்று எழுதினாள். பிறகு அதை அடித்துவிட்டு நம்மை நிமிர்ந்து பார்த்தாள்.