தோட்டத்து வீட்டுக்கு ஃபோகஸ் லைட்: எங்கே மாட்டினால் பாதுகாப்பு, எங்கே மாட்டினால் வீண்?

நாமகிரிப்பேட்டை பக்கம் மஞ்சள் வெட்டு முடிந்துவிட்டால், வேகவைத்த மஞ்சள் நாள்கணக்கில் களத்தில் காயும். விரலி, உருண்டை, பனங்காலி என்று தரம் பிரித்து ஏலத்துக்குப் போகும்வரை ஒரு வருட உழைப்பு முழுவதும் வீட்டு வாசலில்தான் கிடக்கும். அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இருக்காது. பல தோட்டத்து வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்க, ராத்திரியில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான்.

2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டனர். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக வசித்த வயதான தம்பதி கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. அதன் பிறகு கொங்குப் பகுதியில் இருந்து வெளியூர் போன பிள்ளைகள் பலருக்கும் ஒரே கவலை. உடனே தோன்றும் வழியும் ஒன்றுதான்: "பெருசா ஒரு ஃபோகஸ் லைட் போட்டுட்டா போதும்." போதுமா?

முதலில், வெளிச்சம் திருட்டைத் தடுக்குமா என்ற கேள்விக்கே நேரான பதில் இல்லை. 2016-ல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து கூடுதல் விளக்குகள் வைத்துப் பார்த்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. ஆனால் 1990-களின் இறுதியில் சிகாகோவின் சந்துகளில் 90 வாட்ஸ் விளக்குகளை 250 வாட்ஸாக மாற்றியபோது, பதிவான குற்றங்கள் 21 சதவீதம் கூடின. வெளிச்சத்தில் அதிகம் தெரிந்ததால் அதிகப் புகார் வந்திருக்கலாம் என்றும் ஒரு விளக்கம் உண்டு. எப்படியானாலும், வெளிச்சத்தைப் பார்க்க ஒரு ஆள் இருந்தால்தான் அதற்குப் பலன். சுற்றிலும் ஆளே இல்லாத தோட்டத்தில் அந்த ஆள் வீட்டுக்குள் இருப்பவர்தான்.

அதனால் விளக்கு வாங்கும் முன் கேட்க வேண்டியது, எத்தனை வாட்ஸ் என்பதல்ல. ராத்திரி 2 மணிக்கு நாய் குரைக்கிறது. கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாக அம்மாவால் வெளியே பார்க்க முடியுமா?

பெரும்பாலான வீடுகளில் முடியாது. 100 வாட்ஸ் விளக்கை மொட்டை மாடிச் சுவரில் மாட்டி, முகத்தை ரோட்டைப் பார்த்துத் திருப்பிவிடுகிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கூச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு வெளிச்ச வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். மாட்டுக் கொட்டகையின் நிழலும் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கமும் முன்பைவிடக் கூடுதலாக இருண்டு போகும். ஒளிகிறவனுக்கு அதைவிட வசதி வேறு இல்லை.

ஒரு பெரிய விளக்குக்குப் பதில் 10 முதல் 20 வாட்ஸில் மூன்று நான்கு எல்இடி விளக்குகள் நல்லது. தரமான 10 வாட்ஸ் எல்இடி கிட்டத்தட்ட 1,000 லூமென் தரும்; ஒரு வாசலுக்கு அது தாராளம். எட்டு முதல் பத்தடி உயரத்தில், தரையைப் பார்த்துச் சாய்த்து மாட்ட வேண்டும். ஒரு விளக்கின் நிழல் விழும் இடத்தில் அடுத்ததன் வெளிச்சம் விழ வேண்டும். வாசலை விட முக்கியம் பொடக்காலி, பின்கதவு, மோட்டார் ரூம் பக்கம். கேமரா இருந்தால் விளக்கு அதன் பார்வைக்குள் வரக்கூடாது. கேமராவுக்கு மேலே, அதே திசையைப் பார்த்து இருக்கட்டும்.

சுவிட்ச் எங்கே என்பதை யாரும் யோசிப்பதில்லை. வராந்தாவில் இருந்தால் போட வெளியே வர வேண்டும், ஆபத்தே அங்கேதான். எல்லா வெளி விளக்குகளுக்கும் படுக்கை அறையில் ஒரு சுவிட்ச் கட்டாயம். எலக்ட்ரீசியன் "எதுக்குங்க அவ்வளவு ஒயரு" என்பார், விடக்கூடாது.

ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரியும் சென்சார் விளக்கு பின்பக்கத்துக்குப் பொருத்தம். திடீரென எரிவதே உள்ளே இருப்பவருக்கு ஒரு தகவல். இந்த சென்சார், நேராகத் தன்னை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரைத்தான் சட்டென்று பிடிக்கும். எனவே பாதைக்கு நேர் எதிரே மாட்டாமல் பக்கவாட்டில் மாட்டுங்கள். உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே அது வேலை செய்கிறது. சித்திரை வெயில் அடங்காத முன்னிரவில் கொஞ்சம் மந்தமாகலாம். ஆடு மாடு கட்டும் பக்கம் திருப்பினால் ராத்திரி முழுக்க எரிந்து அணையும். நாலாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நிறத்தில் வெள்ளை வெளேர் வேண்டாம். 3,000 கெல்வின் அளவிலான மஞ்சள் சாயல் விளக்குக்குப் பூச்சி குறைவாக வரும். பூச்சியைத் தேடித் தவளை வரும்; தவளையைத் தேடி எது வரும் என்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் நனையும் இடத்துக்கு ஐபி 65 தரம் பார்த்து வாங்குங்கள்.

கரண்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். 100 வாட்ஸ் விளக்கு இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 66 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் கணிசமான பங்கு அந்த ஒரு விளக்குக்கே போய்விடும். 10 வாட்ஸ் என்றால் 7 யூனிட்கூட ஆகாது.

சோலார் விளக்கு கரண்ட் போனாலும் எரியும் என்பது உண்மை. ஆனால் பெட்டியில் 200 வாட்ஸ் என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பேனல் எத்தனை வாட்ஸ் என்று பாருங்கள். 6 வாட்ஸ் பேனல் 5 மணி நேர நல்ல வெயிலில் 30 வாட்-ஹவர்தான் சேர்க்கும். அதை இரவு முழுக்கப் பகிர்ந்தால் 3 வாட்ஸ்கூடத் தேறாது. சென்சாரோடு சேர்ந்து அவ்வப்போது எரிய மட்டும் அது சரி. மஞ்சள் காயும் மாதங்களில் தூசி படியும், பேனலை வாரம் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்த அன்று ராத்திரியே ஒரு சோதனை செய்யலாம். ஒருவர் கேட்டில் இருந்து கொட்டகை வரை, பிறகு வீட்டைச் சுற்றி நடக்கட்டும். இன்னொருவர் உள்ளே லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரம் நிற்கட்டும். எந்த இடத்தில் ஆள் மறைகிறாரோ, முகம் தெரியாமல் போகிறதோ, அங்கே விளக்கைத் திருப்புங்கள். ஜன்னலில் நிற்பது நீங்கள் அல்ல, அம்மாவாக இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை.