காடை ரோஸ்ட்: சின்னப் பறவை நமக்காகக் காத்திருக்காது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நம்ம விஷயம் காடை. எண்ணெயில பொரிச்சு, எலுமிச்சைத் துண்டோட தட்டுல வருமே, அது இல்ல. முழுக் காடையை காய்கறியோட, ஹெர்ப்ஸோட, வீட்டு ஓவன்ல ரோஸ்ட் பண்றது.

ஓவன்ல காடை வச்சவங்க சொல்ற புகார் பெரும்பாலும் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு: "மேல கலரே வரல, இன்னும் பத்து நிமிஷம் வச்சேன், உள்ள சக்கையா ஆயிடுச்சு." இன்னொண்ணு: "எலும்புப் பக்கம் சிவப்பா இருந்துச்சு, பயந்துபோய் மறுபடியும் உள்ள தள்ளிட்டேன்." ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். ஒன்றரைக் கிலோ கோழிக்குப் பழகின கணக்கை 150 கிராம் பறவை மேல போடுறோம்.

பெரிய கோழி ஓவனுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். அந்த நேரத்துல தோல் காயும், நிறம் வரும், பக்கத்துல உருளைக்கிழங்கும் வெந்துடும். எல்லாம் சேர்ந்து நடக்கும். காடைக்கு மொத்த நேரமே 15-லிருந்து 20 நிமிஷம்தான். அதுக்குள்ள இதெல்லாம் நடக்காது. அதனால இந்த எபிசோடுல நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்: காடை ஓவனுக்குள்ள போறதுக்கு முன்னாடியே முக்கால்வாசி வேலை முடிஞ்சிருக்கணும்.

எந்தக் காடை?

கறிக்கடையில கிடைக்கிறது பண்ணையில வளர்ற ஜப்பானியக் காடை. அஞ்சாறு வாரத்துலேயே விற்பனைக்கு வந்துடும். உயிரோட இருக்கும்போது 200 கிராம் சுத்தி இருக்கும். சுத்தம் பண்ணினா 150 கிராமுக்குக் கொஞ்சம் முன்ன பின்ன. ஒரு ஆளுக்கு ரெண்டு கணக்கு வச்சுக்கோங்க.

"காட்டுக் காடை இருக்கு, வேணுமா"ன்னு யாராவது கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க. காட்டுக் காடையைப் பிடிக்கிறதும் விற்கிறதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடையில சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு: "அண்ணா, தோலோட வேணும், முழுசா." இதைச் சொல்லலன்னா பல கடையில தோலை உரிச்சே கொடுத்துடுவாங்க. இறகு பிடுங்குறதை விட தோலை உரிக்கிறது அவங்களுக்கு வேகமான வேலை. குழம்புக்கு அது பரவாயில்ல. ரோஸ்டுக்கு அந்த மெல்லிசுத் தோல்தான் கவசம். கறியோட ஈரம் வெளிய போறதைத் தடுக்கும், மொறுமொறுப்பும் அதுலதான் வரும். காலையிலேயே போன் பண்ணிச் சொல்லி வச்சா தோலோட எடுத்து வைப்பாங்க.

தோல் இல்லாம தான் கிடைச்சுதா? விட்டுடாதீங்க. கெட்டித் தயிர், உப்பு, நெய் தடவி வைங்க. தயிர்ல இருக்கிற பால் சர்க்கரையும் புரதமும் சூட்டுல நல்லா நிறம் பிடிக்கும். மொறுமொறுப்பு வராது, ஆனா காஞ்சும் போகாது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் காயுது?

ஒரு பொருள் சின்னதாக ஆக, அதோட எடையோட ஒப்பிட்டா மேற்பரப்பு அதிகமாகிறது. சூடு உள்ள போறதும் மேல் பரப்பு வழியாத்தான், ஈரம் வெளிய வர்றதும் அதே வழியாத்தான். அதனால காடையில ரெண்டுமே வேகமா நடக்கும். கொழுப்பும் அதிகம் கிடையாது.

இன்னொண்ணு, நம்ம வீட்டுக் கை நாட்டுக்கோழிக்குப் பழகின கை. வயசான கோழியோட கறியில இணைப்புத் திசு கெட்டியா இருக்கும். அது கரைஞ்சு மெத்துனு ஆகணும்னா நேரம் வேணும். அதனால "நல்லா வேகட்டும்"ங்கிறது அங்க சரியான அறிவு. ஆறு வாரக் காடையில கரையறதுக்கு அப்படி எதுவும் இல்ல. வெந்த பிறகு கூடுதலா வைக்கிற ஒவ்வொரு நிமிஷமும் கறியிலிருந்து தண்ணியைப் பிழியுது, அவ்வளவுதான்.

முந்தின நாள் ராத்திரி

சுத்தம் பண்ணின காடையை டிஷ்யூ பேப்பரால உள்ளயும் வெளியயும் நல்லா ஒத்தி எடுங்க. குழாயடியில பிடிச்சுக் கழுவாதீங்க. பச்சைக் கோழிக்கறியைக் கழுவ வேண்டாம்னு அமெரிக்காவிலயும் பிரிட்டன்லயும் இருக்கிற உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் ரொம்ப நாளாவே சொல்லிட்டு வர்றாங்க. கிருமி கறியை விட்டுப் போறதில்ல. தெறிச்சு சிங்க்லயும், பக்கத்துல காயுற டம்ளர்லயும் உட்காருது. மஞ்சள் போட்டுக் கழுவினாத்தான் மனசு ஆறும்னா, ஒரு பாத்திரத்துக்குள்ள தண்ணி வச்சு மெதுவா அலசிட்டு, சிங்கையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்ச்சிடுங்க.

அடுத்து உப்பு. கறியோட எடையில நூத்துக்கு ஒண்ணு. நாலு காடை 600 கிராம்னா 6 கிராம், அதாவது தூள் உப்புல தலை தட்டின ஒரு டீஸ்பூன். வெளியயும் வயித்துக்குள்ளயும் தடவுங்க. உப்பு முதல்ல கொஞ்சம் தண்ணியை வெளிய இழுக்கும், அப்புறம் அந்தத் தண்ணியோடவே உள்ள போகும். உள்ள போன உப்பு, வேகும்போது புரதம் ரொம்ப இறுகாம பார்த்துக்கும். அதனால ஈரம் தங்கும்.

அப்புறம் ஒரு தட்டுல வச்சு, மூடாம, ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல ராத்திரி முழுக்க விட்டுடுங்க. கறியில இருந்து சொட்டுறது வேற எது மேலயும் விழக்கூடாது, அதனாலதான் கீழ்த்தட்டு. ஃப்ரிட்ஜோட வறண்ட காத்து தோலைக் காய வைக்கும். இதுக்குக் காரணம் இருக்கு. கறி பொன்னிறமாகிற வேதிவினைக்கு மயார் வினைன்னு பேரு. 1912-ல இதை முதல்ல விவரிச்ச பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீய் மயார் பேர்லதான் அந்தப் பேரு. மேற்பரப்பு கிட்டத்தட்ட 140 டிகிரியைத் தொட்டாத்தான் அது வேகம் பிடிக்கும். ஈரம் இருக்கிற வரைக்கும் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணியை விரட்டவே பத்து நிமிஷம் போச்சுன்னா, காடைகிட்ட மிச்சம் இருக்கிறது அஞ்சு நிமிஷம். ஃப்ரிட்ஜ் அந்தப் பத்து நிமிஷத்தை நமக்குச் சேமிச்சுத் தருது.

காய்க்கு முதல் பந்தி

காயையும் காடையையும் ஒண்ணா ட்ரேல போட்டா, காடை வெந்தப்போ உருளைக்கிழங்கு நறுக்குனு இருக்கும். அதனால காய் முதல்ல உள்ள போகணும், 25 நிமிஷம் முன்னாடியே.

தண்ணி விடாத காயா எடுங்க. உருளை, கேரட், சர்க்கரைவள்ளி, பீட்ரூட், சின்ன வெங்காயம், தோலோட பூண்டுப் பல். ஒரு அங்குலத் துண்டு. பீட்ரூட் மட்டும் அதுலயும் பாதி, ஏன்னா அது வேக லேட்டாகும். தக்காளி, காளான், கோஸ் வேண்டாம். அது விடுற தண்ணி ஆவியாகி, ராத்திரி முழுக்கக் காய வச்ச தோலை மறுபடியும் நனைச்சிடும்.

ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், உப்பு, மிளகு போட்டுப் புரட்டி, ஒரே அடுக்கா பரப்புங்க. ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தா அது ரோஸ்ட் இல்ல, அவியல்.

எந்த இலை, எப்போ?

ஹெர்ப்ஸ்ல ரெண்டு ஜாதி. ரோஸ்மேரி, தைம் மாதிரி குச்சித் தண்டு உள்ளது சூடு தாங்கும். இது ரெண்டும் நீலகிரியிலயே விளையுது. இதைக் காடையோட வயித்துக்குள்ள, ஒரு எலுமிச்சைத் துண்டோட வைங்க. தோலுக்கு அடியில திணிக்க வேண்டாம். காடைத் தோல் லேசா இழுத்தாலே கிழிஞ்சிடும். மல்லி, புதினா மாதிரி மென்மையானது ஓவனுக்குள்ள கருகிப் போகும். அதை வெளிய எடுத்த பிறகு தூவுங்க.

தைம் கிடைக்கலையா? கவலையே வேண்டாம். தைமுக்கு அந்த வாசனையைக் கொடுக்கிற முக்கியமான பொருள் தைமால். அதே தைமால்தான் நம்ம அஞ்சறைப் பெட்டியில இருக்கிற ஓமத்துலயும் இருக்கு. பால்கனித் தொட்டியில வளர்ற கற்பூரவல்லியிலயும் தைமாலும், அதோட சொந்தக்காரன் மாதிரியான கார்வக்ராலும் இருக்கு. அதனாலதான் அந்த இலையைக் கசக்கினா பீட்சாக் கடை வாசனை வருது. நாலு காடைக்கு கால் டீஸ்பூன் ஓமத்தை நுணுக்கி நெய்யில கலக்குங்க; அல்லது ஒரு கற்பூரவல்லி இலையைப் பொடியா நறுக்கி வயித்துக்குள்ள போடுங்க. இலையை முழுசா தோல் மேல ஒட்டாதீங்க, அதுல தண்ணி ஜாஸ்தி.

தோல் மேல தடவ வெண்ணெயை விட நெய் நல்லது. வெண்ணெயில இருக்கிற பால் திப்பி 220 டிகிரியில சீக்கிரம் கருகும். நெய்யில அது இல்ல.

எட்டு மணிச் சாப்பாட்டுக்குக் கால அட்டவணை

6:55 – ஓடிஜியை 220 டிகிரியில, மேல் கீழ் ரெண்டு கம்பியும் போட்டு சூடாக்குங்க. ஃபேன் வசதி இருந்தா 200 போதும்.

7:10 – காய் ட்ரே உள்ள, நடு அடுக்குல.

7:25 – காடையை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து நெய், மிளகுத்தூள் தடவி, இலையை உள்ள வச்சு, ரெண்டு காலையும் நூலால சேர்த்துக் கட்டுங்க.

7:35 – காயைக் கிளறி விட்டு, அது மேல காடையை நெஞ்சு மேல பார்க்கிற மாதிரி வைங்க. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி. கதவைச் சட்டுனு மூடுங்க. சின்ன ஓவன்ல கதவு திறந்தா சூடு நொடியில ஓடிடும்.

7:50 – முதல் சோதனை. 7:55-க்குள்ள பெரும்பாலும் வெளிய வந்துடும்.

8:00 – அஞ்சு நிமிஷம் ஆறின பிறகு தட்டுக்கு. எலுமிச்சையைப் பிழிஞ்சு, புதினா தூவி.

ஏர் ஃப்ரையர்ல இதே கதைதான். 190 டிகிரி, ஒரு தடவைக்கு ரெண்டு காடை, காய் முன்னாடியே போயிருக்கணும். 12-ஆவது நிமிஷத்துல பார்க்க ஆரம்பிங்க.

அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயப்படலாமா?

இதுதான் இந்த எபிசோடுல முக்கியமான இடம். பயம் நியாயமானது. சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரி கிருமிகள் அரைவேக்காட்டுக் கறியில உயிரோட இருக்கும், வந்தா ஒரு வாரம் படுக்க வைக்கும். தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவங்களுக்கு அது இன்னும் பெரிய கஷ்டம்.

ஆனா நிறத்தை வச்சு இதை முடிவு பண்ண முடியாது. காடையோட நெஞ்சுக்கறி இயல்பிலேயே பிராய்லர் கோழியை விட அடர் நிறம். இளம் பறவையோட எலும்பு முழுசா கெட்டிப்படலைங்கிறதால, உள்ள இருக்கிற மஜ்ஜையோட நிறம் கசிஞ்சு எலும்பு ஓரத்தைச் சிவப்பாக்கும். நல்லா வெந்த பிறகும் அது அப்படியே தெரியும். அதே சமயம், சிவப்பு போயிடுச்சுங்கிறதுக்காக வெந்துடுச்சுன்னும் சொல்லிட முடியாது.

நம்பக்கூடியது ஒரு எண்: 74 டிகிரி செல்சியஸ். அமெரிக்க வேளாண் துறை எல்லாப் பறவைக் கறிக்கும் சொல்ற அளவு இது. இந்தச் சூட்டுல அந்தக் கிருமிகள் நொடிகள்ல செத்துடும். சில நூறு ரூபாய்க்கு ஊசி முனை உணவுத் தெர்மாமீட்டர் கிடைக்குது. நெஞ்சோட தடிமனான இடத்துல, பக்கவாட்டுல குத்துங்க; எலும்பைத் தொடக் கூடாது. தொடையிலயும் ஒரு தடவை பாருங்க. ரெண்டுலயும் 74 காட்டினா, எலும்பு ஓரம் என்ன நிறத்துல இருந்தாலும் வெளிய எடுத்துடுங்க. பெரிய கோழி வெளிய எடுத்த பிறகும் உள்சூட்டுல இன்னும் கொஞ்சம் வேகும். காடைகிட்ட அந்தச் சேமிப்பு கிடையாது, அதனால 74-ஐ ஓவனுக்குள்ளயே பார்த்துடணும்.

74 வந்தும் நிறம் பத்தலையா? ஓவனுக்குள்ள திரும்ப வைக்காதீங்க. தோசைக்கல்லை நல்லாக் காய வச்சு, நெஞ்சுப் பக்கத்தை முப்பது, நாப்பது விநாடி அழுத்திப் பிடிங்க. நிறம் வந்துடும், உள்ள இருக்கிற கறிக்கு ஒண்ணும் ஆகாது.

மிச்சம் இருந்தா

ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். மறுநாள் கறியை உதிர்த்து முட்டைப் பொரியல்ல போடலாம். எலும்பைத் தூக்கிப் போடாதீங்க. குக்கர்ல ரெண்டு டம்ளர் தண்ணி, தட்டின மிளகு, சீரகம், பூண்டு போட்டு நாலு விசில் விட்டா அருமையான ரசம். ட்ரேல ஒட்டியிருக்கிற காய்ச் சுரண்டலையும் அதுல போட்டுடுங்க, சுவையே அதுலதான் இருக்கு.

ஒவ்வொரு வீட்டு ஓவனும் ஒரு மாதிரி. டயல்ல 220-ன்னு இருந்தாலும் உள்ள 200-ஆ இருக்கலாம், 240-ஆவும் இருக்கலாம். முதல் தடவை எத்தனாவது நிமிஷத்துல 74 வந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஓவன் மேலயே ஒட்டிடுங்க. அடுத்த தடவை என்னோட அட்டவணை உங்களுக்குத் தேவைப்படாது. அந்த எண்ணை எங்களுக்கும் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.