ஆறு எம்.எல்.ஏ., 1,056 ஓட்டு

குடியரசுத் தலைவர் தேர்தலில் புதுக்கோட்டை மாவட்டத்தின் பலம் 1,056. கந்தர்வக்கோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி என ஆறு எம்.எல்.ஏ.க்கள், ஆளுக்கு 176. சிக்கிமின் 32 எம்.எல்.ஏ.க்களும் சேர்ந்தாலே 224தான் வரும். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘மத்திய அரசு’ பாடத்தைக் கமா, புள்ளி விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள்கூட இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம், ஒற்றை மாற்று வாக்கு என்பதெல்லாம் மனப்பாடம். எப்படி எண்ணுவார்கள் என்றால்தான் பதில் வருவதில்லை.

ஆலங்குடி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் டீச்சர் ஒருவர் இந்தப் பாடத்தைத் தேர்தலாகவே நடத்துகிறார். வேட்பாளர்கள்: பலா, முந்திரி, தென்னை. எம்.எல்.ஏ.க்களுக்குத் தருவதைப் போலவே இளஞ்சிவப்புத் தாளில் சீட்டு. எழுதுவதற்கு ஊதா ஸ்கெட்ச் பென். நிஜத் தேர்தலிலும் ஊதா மைப் பேனாவைத் தேர்தல் அதிகாரிகளே கொடுப்பார்கள், சொந்தப் பேனாவை எடுக்கக்கூடாது. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எண்தான் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். அப்படியும் ஒரு சீட்டில் டிக் மார்க், இன்னொன்றில் இரண்டு பேருக்கு 1. இரண்டும் செல்லாது. பிள்ளைகள் சிரித்தார்கள். “சிரிக்காதீங்க, 2022 தேர்தல்ல 53 ஓட்டு செல்லாமப் போச்சு. போட்டவங்க எல்லாம் எம்.பி., எம்.எல்.ஏ.” என்றார் டீச்சர்.

நாற்பது சீட்டில் செல்லுபடியானவை 38. ஜெயிக்க 20 வேண்டும். பலாவுக்கு 17, முந்திரிக்கு 13, தென்னைக்கு 8. பலா கோஷ்டி கைதட்டத் தொடங்கிவிட்டது. டீச்சர் தென்னையை விலக்கிவிட்டு, அந்த எட்டுச் சீட்டிலும் 2 யாருக்கு என்று ஒவ்வொன்றாகப் படித்தார். ஏழு முந்திரிக்கு, ஒன்று பலாவுக்கு. முந்திரி 20, பலா 18.

“டீச்சர், முதல்ல வந்தது பலாதானே!” என்று ஒரு பையன் எழுந்துவிட்டான். அவன் கோபம்தான் அன்றைய பாடம். 1969 கதையை டீச்சர் அங்கேதான் எடுத்தார். அந்தத் தேர்தலில் 4,18,169 தேவைப்பட்டது, வி.வி.கிரிக்கு முதல் சுற்றில் கிடைத்தது 4,01,515. இரண்டாம் விருப்ப ஓட்டுகளைச் சேர்த்த பிறகுதான் 4,20,077 ஆகி, நீலம் சஞ்சீவ ரெட்டியை அவரால் தாண்ட முடிந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு நல்ல வகுப்பு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “அந்த 176 எங்கிருந்து டீச்சர் வந்துச்சு?”

கரும்பலகையில் 4,11,99,168 என்று எழுதி, 234-ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தார் டீச்சர். மேலே இருப்பது தமிழ்நாட்டின் மக்கள்தொகை. எந்த வருடத்தது என்று கேட்டதற்கு 1971 என்றார். “அப்ப எங்கம்மாவே பொறக்கலையே!”

அந்தப் பெண்ணின் வியப்பை நாமும் கொஞ்சம் பகிர்ந்துகொள்ள வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலம் அதனாலேயே பலம் இழக்கக்கூடாது என்றுதான் 1976-ல் அந்தக் கணக்கை 1971-லேயே பூட்டி வைத்தார்கள். 2001-ல் வந்த 84-வது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாகும்வரை அதை நீட்டித்தது. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல் என்று அறிவித்தாயிற்று.

பூட்டைத் திறந்தால் என்ன ஆகும்? இன்று பீகார் எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு 173, நம்முடையது 176. ஏறக்குறைய சமம். தொகுதிகளின் எண்ணிக்கை மாறவில்லை என்று வைத்துக்கொண்டு 2011 மக்கள்தொகையைப் போட்டுப் பாருங்கள். நமக்கு 308, பீகாருக்கு 428. இன்று 129-ல் நிற்கும் ராஜஸ்தான்கூட 343 ஆகி நம்மைத் தாண்டிவிடும். தலைக்கு ஒரே மதிப்பு என்பதுதானே ஜனநாயகம் என்று வடக்கிலிருந்து கேட்கிறார்கள்; அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சொன்ன சொல்லைக் கேட்டு இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்களுக்கு இதை என்ன சொல்லிப் புரியவைப்பது?

கணக்கோடு சேர்த்துத் தொகுதிகளின் எல்லைக் கோட்டையும் மாற்றினால் என்ன நடக்கும் என்பதைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுக்கோட்டை என்ற நாடாளுமன்றத் தொகுதி 2008 மறுசீரமைப்பில் காணாமல் போனது. புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சியில், விராலிமலை கரூரில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில். ஒரு மாவட்டம், நான்கு எம்.பி.க்கள், அதில் ஒருவர்கூட புதுக்கோட்டை எம்.பி. இல்லை. அந்த வகுப்பில் இருந்த யாருக்கும் சொந்தப் பெயரில் தொகுதி இருந்த காலம் தெரியாது. டீச்சர் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

அதனால் இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வகுத்தல் போதாது என்பது என் கட்சி. 1971-ஐ வைத்து ஒன்று, 2011-ஐ வைத்து ஒன்று. தமிழ்நாட்டுக்கு, பீகாருக்கு, கேரளத்துக்கு என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். கணக்கு சாரிடம் ஒரு பீரியட் கடன் வாங்கினால் முடிகிற வேலை. தேர்வுக்கு இரண்டு மார்க் கேள்வியாக வருமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதைய குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. 1971 கணக்கில் நடக்கும் கடைசித் தேர்தலாக அடுத்தது இருக்கக்கூடும். அதற்கடுத்தது 2032-ல். அதில் ஓட்டுப் போடப்போகிற எம்.எல்.ஏ.க்களை, வழக்கப்படி நடந்தால் 2031-ல், இந்தப் பிள்ளைகள்தான் தேர்ந்தெடுப்பார்கள். தாங்கள் அனுப்பும் ஆளின் ஓட்டுக்கு என்ன மதிப்பு, அது ஏன் மாறியது என்று அன்றைக்கு வேட்பாளரிடம் கேட்கிற அளவுக்காவது இவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.